சாவி திருப்பியதும் ஒரு டக்

காலையில் மூக்காண்டி காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிற நேரத்துக்கு அவன் மனைவி பேச்சித்தாய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடுப்பில் பால் பொங்குகிற பக்குவத்தில் இருந்தாலும் இறக்கிவைத்துவிட்டு வந்துவிடுவாள். சாவி திரும்பியதும் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பின்னாலேயே டிக்கிக்கு அடியில் பெட்ரோல் பம்ப் மெல்ல முனகத் தொடங்கும். பிறகுதான் எஞ்சின். பேச்சித்தாய்க்கு எஞ்சின் வரைக்கும் வேண்டியதில்லை. அந்த 'டக்' காதில் விழுந்ததும் உள்ளே போய்விடுவாள். ஆள் வெளியே கிளம்பும்போது நல்ல பக்கத்தில் பல்லி சொன்னால் மனசுக்கு எப்படி இருக்குமோ, அவளுக்கு அப்படி இருக்கும். அப்போது அது நாலு வருஷப் பழக்கம். ஏன் நிற்கிறாள் என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

பேச்சித்தாய் அதிகம் பேசாதவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்று ராட்டை முன்னால் உட்கார்ந்தவள். நூல்கண்டிலிருந்து சின்னக் குச்சியில் நூல் ஏற்றி, தறிக்குத் தார் சுற்றிக்கொடுப்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை அவள் வேலை. சங்கரன்கோவிலில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம்தான். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரே இரைச்சல். பேச்சித்தாய்க்கு அப்படியில்லை. எந்த வீட்டுத் தறியில் குறுக்குநூலை இழுத்துப்போகிற நாடா கோணலாக ஓடுகிறது, எந்தத் தறிக்கு எண்ணெய் போடவில்லை என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை.

மூக்காண்டி கல்யாணத்தின்போது தறிக்காரன். எட்டு வருஷம் தறிக்கூடத்தில் நின்றான். அதற்கு அவனுக்குக் கிடைத்த கூடுதல் சம்பளம் இரண்டு. ஒன்று, பஞ்சுத்தூசியால் வந்த இருமல். மற்றது, காது மந்தம். முகத்துக்கு நேரே நின்று பேசினால் புரியும்; பின்னால் நின்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும், அவன் மட்டும் திரும்ப மாட்டான். இருமல் நெஞ்சைப் பிடிக்கத் தொடங்கியதும், திருவேங்கடம் பக்கம் அப்பா விட்டுப்போன கரிசல் நிலத்தை விற்றுவிட்டு, பழைய கறுப்பு அம்பாசிடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினான். தறிக்கூடத்தை விட்ட ஒரு வருஷத்தில் இருமல் அடங்கியது. காது திரும்பி வரவில்லை. ஆனாலும் மனுஷன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பேச்சித்தாய் அந்தக் காரைக் கும்பிடாத குறைதான்.

கொஞ்சநாளில் கும்பிடவும் செய்தாள். அதுதான் கதை.

எழுபத்தெட்டில் காரின் பழைய பெட்ரோல் பம்ப் அடிக்கடி வெயிலில் மக்கர் செய்தது. சூடு தணிய அதன் மேல் ஈரத்துணி போட்டுப் போட்டு ஓட்டிச் சலித்துப்போய், மெக்கானிக் மைதீன் பாட்சாவிடம் மூக்காண்டி காரை விட்டான். பாட்சா பட்டறை வைத்திருந்தது ராஜபாளையம் ரோட்டில். ஆள் குள்ளம், கை சுத்தம். பெட்ரோல் டாங்குக்குப் பக்கத்தில், கரண்டில் ஓடுகிற பம்ப் ஒன்றைப் பொருத்தினார். சாவியில் இருந்து நேராக அவ்வளவு கரண்டை எடுத்தால் சாவி சுவிட்ச் கருகிவிடும் என்று, லாரி ஹாரனில் இருந்து கழற்றிய ரிலே ஒன்றைப் பானெட்டுக்குள் ஓரமாக முறுக்கிவைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தகரப் பெட்டி அது. வேலை முடிந்து காரை வீட்டுக்கு ஓட்டிவந்தவர், தாகத்துக்கு மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே விளக்கினார். குளத்துத் தண்ணீரை வயலுக்கு விட மடை இருக்கிற மாதிரி, பேட்டரி கரண்டைப் பம்புக்கு விட இந்தப் பெட்டி. சாவியைத் திருப்பினால் உள்ளே ஒரு நாக்கு இறங்கி இரண்டு முனைகளையும் சேர்க்கும், அந்தச் சத்தம்தான் 'டக்' என்றார். மூக்காண்டிக்கு அந்தச் சத்தமே கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினான். கதவுக்குப் பின்னால் நின்ற பேச்சித்தாய்க்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை தோறும் அவள் கோயிலுக்குப் போவாள். வரும்போது பிரசாதமாக ஒரு பொட்டலம் புற்றுமண் கொண்டுவருவாள். ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதுதான். தலைவலிக்கு நெற்றியில், சிரங்குக்குத் தோலில், கன்று ஈன்ற மாட்டுக்கு முதுகில் என்று குழைத்துத் தடவுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை மூக்காண்டி பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போயிருந்தான். யாரும் பார்க்காத நேரம். பேச்சித்தாய் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து, 'டக்' என்று சொல்லும் அந்தத் தகரப் பெட்டியின் மேல் ஒரு விரல் வைத்தாள். அடுத்த வெள்ளியும் வைத்தாள். வைத்ததைச் சுரண்டி எடுக்கிற வழக்கமில்லை, அதன் மேலேயே வைத்தாள். நாலு வருஷத்தில் பெட்டி குளவிக்கூடு போல ஆகிவிட்டது.

எண்பத்திரண்டு சித்திரையில் 'டக்' மாறியது. முதலில் பேச்சித்தாய் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். இரண்டு மூன்று நாள் கவனித்தாள். சந்தேகமில்லை, 'டக்' என்று கேட்டது இப்போது 'தப்' என்று கேட்டது. ஈரச்சாக்கில் தட்டினது போல. உடம்புக்கு முடியாமல் போனால் கூடுதலாகத் தடவுவதுதானே முறை. வெள்ளியோடு செவ்வாயும் சேர்த்தாள். நன்றாக உள்ளே இறங்கட்டும் என்று மண்ணைக் கொஞ்சம் நீர்க்கக் குழைத்தாள்.

அதற்கப்புறம் கார் நிற்க ஆரம்பித்தது.

காலையில் ஒழுங்காகக் கிளம்பும். ஏழெட்டு மைல் போனதும் இருமி இருமி நின்றுவிடும். கதவைத் திறந்து மூடி, வண்டியை ஆட்டி, கால் மணி நேரம் சபித்தால் திரும்பக் கிளம்பும். வைகாசியில் ஒரு கல்யாண மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு திருவேங்கடம் போனபோது வழியில் படுத்துவிட்டது. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, யாரோ ஒருவர் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கழுத்து மாலை சக்கரத்தில் மாட்டிப் பாதி போய்விட்டதாம். தாலி கட்டியாயிற்று. ஆனால் அதன் பிறகு கல்யாணத்துக்கு மூக்காண்டி காரை யாரும் கூப்பிடவில்லை. பஜாரில் அவனைக் கண்டால், "என்னவே, காரு கூட சைக்கிளும் சேத்துத் தருவீரா?" என்று கேட்டார்கள். கேலி செய்தால் மட்டும் அவனுக்கு எப்படியோ காது கேட்டது.

பாட்சா பட்டறையில் மூன்று மாதம் மாறிமாறி வேலை நடந்தது. டாங்கைக் கழற்றிக் கழுவினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பம்பையே மாற்றி வேறு போட்டார். பட்டறையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக ஓடியது. கரிவலம்வந்தநல்லூர் தாண்டினால் நின்றது. ஆடி பிறந்தபோது மூக்காண்டி ஒரு முடிவுக்கு வந்திருந்தான். கோவில்பட்டியில் இருந்து ஒரு ஆள் திங்கட்கிழமை வந்து காரை விலைக்கு எடுத்துக்கொண்டு போவது. செவ்வாய்க்கிழமை முதல் பழைய தறிக்கூடத்துக்கே திரும்பிப் போவது. இதைச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். கல்யாணமான புதிதில் விடிய விடிய அவன் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தவள் பேச்சித்தாய். அந்தச் சத்தம் மறுபடி வீட்டுக்குள் வரப்போகிறது என்பது மட்டும்தான் அவள் மனசில் ஓடியது. தார் சுற்றும்போது நூல் இரண்டு முறை அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதீன் பாட்சா வீட்டுக்கே வந்தார். காரைக் கொடுக்கிறதானால் கொடுக்கட்டும், நோய் என்னவென்று தெரியாமல் கொடுப்பது தனக்குத்தான் அவமானம், கடைசியாக ஒரு தடவை ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றார். பம்புக்குப் போகிற வயரில் ஒரு நீள வயரைச் சேர்த்து முன்னால் கொண்டுவந்து, டாஷ்போர்டில் சாமி படத்துக்குக் கீழே ஒரு குட்டி பல்பைத் தொங்கவிட்டார். பின் சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். தான் அங்கே படுத்துப் பம்ப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வருவதாகவும், கார் நிற்கும்போது பல்பு எரிந்தால் கோளாறு பம்பில், அணைந்தால் பம்புக்குக் கரண்டே வரவில்லை என்றும் சொன்னார். மூக்காண்டி ரோட்டைப் பார்க்க வேண்டும். பல்பைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

"தங்கச்சி, நீ வந்து ஏறு. பல்ப மட்டும் பாத்துக்கிட்டே இரி, போதும்."

அந்தக் காரில் பேச்சித்தாய் முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. கோயிலுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பின்னால்தான். இப்போது பஜார் வழியாக, பட்டப்பகலில், புருஷனுக்குச் சரிசமமாக முன்னால் உட்கார்ந்து போக வேண்டும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏறினாள். தேரடி தாண்டும்வரை இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. பார்க்க நேரமும் இல்லை, பல்பைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பார்ப்பது அவளுக்குத் தெரிந்த வேலை. கண்ணைக்கூட அதிகம் சிமிட்டாமல் பார்த்தாள். பின்னால் பாட்சா தரையில் குப்புறப் படுத்து, ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, காதைத் தகட்டில் வைத்திருந்தார்.

கரிவலம் தாண்டியது. சாலை ஓரத்தில் உடைமரங்கள் வந்தன. ஒரு பள்ளத்தில் கார் குலுங்கி ஏறியது. பல்பு ஒருமுறை மினுங்கி, அணைந்தது.

"அணைஞ்சிட்டு" என்றாள் பேச்சித்தாய். அவளுக்கே கேட்கவில்லை. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கார்புரேட்டரில் கிடந்த கொஞ்சம் பெட்ரோல் தீரும்வரை ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது. தான்தான் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று நினைத்தாள். மறுபடி சொன்னாள். மூக்காண்டி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் திரும்பிய அதே நேரத்தில் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

பின்னாலிருந்து பாட்சா எழுந்து உட்கார்ந்தார். பம்ப் சத்தம் முன்பே நின்றுவிட்டது, பல்பு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"அணைஞ்சிட்டு அண்ணாச்சி. அந்தப் பள்ளத்துலயே அணைஞ்சிட்டு."

பாட்சாவின் முகம் தெளிந்தது. மூன்று மாதத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு உறுதியான விஷயம் கிடைத்திருக்கிறது. பம்பில் குற்றமில்லை, கரண்டுதான் வரவில்லை. இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். பல்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். பேட்டரியில் தொட்டால் எரிந்தது. சாவியிலிருந்து ரிலேக்கு வருகிற வயரில் தொட்டால் எரிந்தது. பேட்டரியிலிருந்து ரிலேக்கு வருகிற வயரிலும் எரிந்தது. ரிலேயிலிருந்து பம்புக்குப் போகிற வயரில் தொட்டார். எரியவில்லை. இன்னொரு தடவை தொட்டார். எரியவில்லை. மடைவரைக்கும் தண்ணீர் இருக்கிறது, மடைக்கு அந்தப் பக்கம் வயல் காய்கிறது.

நோய் அங்கேதான். ஆனால் பாட்சா அந்தப் பெட்டியைத் தொடாமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வே மூக்காண்டி, இத மட்டும் நீரே எடுத்துத் தாரும்" என்றார்.

மூக்காண்டி குனிந்து பார்த்தான். எதை எடுப்பது என்று கேட்டான்.

"அந்த மண்ண. சாமி சமாச்சாரம், நாம கை வச்சு ஒமக்கு மனசு சங்கடப்பட்டுரக் கூடாதுன்னு நாலு வருசமா சுத்தித்தான் தொடைக்கேன். மூடியக்கூட தொறந்து பாக்கல்ல."

"மண்ணா? அது நீரு வச்சதுல்லா? தண்ணி எறங்காம இருக்க மெக்கானிக்கு ஏதோ களிமண்ணு மாதிரி அப்பியிருக்காருன்னுல்லா நான் நெனச்சேன். நீரு வச்சத நாம எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு மண்ணைப் பார்த்தார்கள்.

பேச்சித்தாய் காரை விட்டு இறங்கி நின்றிருந்தாள். 'டக்' மாறியதும், செவ்வாய்க்கிழமை சேர்த்ததும், நீர்க்கக் குழைத்ததும், அதற்கப்புறம்தான் கார் நின்றதும் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையாய் வந்து அவள் முன்னால் நின்றன. பேசாமல் இருந்துவிடலாம். மண் எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று மாதமாக டாங்கைக் கழுவினவர் எதிரே நிற்கிறார். தறிக்கூடத்துக்குத் திரும்பப் போகிறவரும் எதிரேதான் நிற்கிறார்.

"நாந்தான் வச்சேன்" என்றாள்.

"என்னது?" என்றான் மூக்காண்டி.

"அந்த மண்ண நாந்தான் வச்சேன்."

அவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு இன்னும் கிட்டே வந்தான். பக்கத்தில் வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் கம்பை ஊன்றி நின்று பார்த்தான். பேச்சித்தாய் வாழ்நாளில் அதற்கு முன்பும் பின்பும் அப்படிக் கத்தியதில்லை.

"புத்துமண்ண நாந்தான் வச்சேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வச்சேன். சத்தம் மாறிட்டுன்னு செவ்வாக்கெழமயும் சேத்து வச்சேன். நீங்க தறிக்குப் போவக் கூடாதுன்னுதான் வச்சேன்."

ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலில் சிரித்தது பாட்சாதான். சத்தமில்லாமல், வயிறு குலுங்க. அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளிடம் வந்தார்.

"மண்ணு மேல குத்தமே இல்ல தங்கச்சி. வச்ச எடந்தான் தப்பு. நானும் மூணு மாசத்துக்கு முன்ன ஒரு வார்த்த, இது யாரு வச்சதுன்னு கேட்டுருக்கணும். கேக்காதது என் தப்பு." பிறகு அவளையே பார்த்துக் கேட்டார்: "சத்தம் மாறிட்டுன்னியே, எப்ப?"

சித்திரையில் என்றாள். 'டக்' போய் 'தப்' ஆனதையும் சொன்னாள். பாட்சா தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டறையில் பக்கத்திலேயே அரவை மில் ஓடுவதால் அந்தச் சத்தம் தனக்குத் தனியாகக் கேட்டதே இல்லை, சித்திரையிலேயே இந்த ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் டாங்கைக் கழற்றியிருக்கவே வேண்டாம் என்றார்.

மண்ணை அவளே எடுத்தாள். பாட்சா கொடுத்த ஸ்குரூ டிரைவரால் மெல்ல மெல்ல நெம்பி, ஒரு துணுக்குகூட ரோட்டில் விழாமல் முந்தானையில் ஏந்தி முடிந்துகொண்டாள். பாட்சா மூடியைக் கழற்றினார். உள்ளே நாக்கும் முனைகளும் செம்மண் தூசி படிந்து, ஈரத்தில் பச்சை பூத்துக் கிடந்தன. காலையில் எப்படியோ ஒட்டிக்கொள்ளும். ரோட்டில் குலுங்கினால் இடையில் ஒரு பொடி விழுந்து கரண்டை மறித்துவிடும். ஆட்டினால் பொடி நகர்ந்து மறுபடி வேலை செய்யும். ஊதினார். உப்புத்தாளை மடித்து முனைகளைப் பளபளவென்று தேய்த்தார். மூடியைப் போடாமலே சாவியைத் திருப்பச் சொன்னார்.

'டக்.'

பின்னால் பம்ப் முனகியது. பாட்சா கையில் பல்பு எரிந்தது. பேச்சித்தாய்க்கு அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. சித்திரையில் இழுத்த மூச்சை அப்போதுதான் விட்டது போல. நாலு முறை திருப்பிப் பார்த்தார்கள். நாலு முறையும் 'டக்'. வேண்டுமென்றே அந்தப் பள்ளத்தில் மூன்று தடவை போய் வந்தார்கள். கார் நிற்கவில்லை. மூன்றாவது தடவை ஆட்டுக்காரனும் கம்பைத் தூக்கிக் காட்டினான்.

திரும்பும்போது அவள் பின்னால் உட்காரப் போனாள். பின்னால் சீட்டே இல்லை என்று பாட்சா ஞாபகப்படுத்தினார். மறுபடி முன்னால்தான் ஏறினாள். ரயில்வே கேட் அடைத்திருந்தது. மூக்காண்டி எஞ்சினை நிறுத்திவிட்டு, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"நாளைக்கு அந்தக் கோயில்பட்டி ஆளு வந்தான்னா, காரு குடுக்கதுக்கு இல்லன்னு நீயே சொல்லிரு."

"நானா?"

"ஆட்டையெல்லாம் வெரட்டுத மாதிரி கத்தினேல்லா. அதுல பாதி போதும்."

பின்னால் தகட்டில் உட்கார்ந்திருந்த பாட்சா வெளியே பார்த்துக்கொண்டு இருமினார். பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்தது. அவன் பார்க்காதபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திங்கட்கிழமை அந்த ஆள் வந்தபோது மூக்காண்டி சவாரியில் இருந்தான். அவள் கதவுக்குப் பின்னால் நின்றபடி, "காரு குடுக்கல" என்று இரண்டே வார்த்தை சொன்னாள். வந்தவர் மோர் குடித்துவிட்டுப் போனார். அன்று தறிக்கூடத்துக்கும், அவன் வேலைக்கு வரவில்லை என்று ஆள் சொல்லி அனுப்பியாயிற்று.

அந்த வாரமே பாட்சா ரிலேயை இடம் மாற்றினார். தூசியும் தண்ணீரும் போகாத இடமாக, காருக்கு உள்ளே, ஸ்டீரிங்குக்குக் கீழே. பழைய இடம் வெறுமையாக இருக்கக் கூடாதென்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதே அளவில் ஒரு காலித் தகர மூடியைத் தேடி எடுத்து, அதே இடத்தில், அதே திருகில் முறுக்கிவைத்தார். யாரும் கேட்காமலே, "இனி வெள்ளிக்கெழமக்கு இது இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. மூக்காண்டி அதே கறுப்புக் காரைத்தான் ஓட்டுகிறான். கல்யாணத்துக்கு மறுபடி கூப்பிடுகிறார்கள். தறிக்கூடத்துப் பக்கம் அவன் போகவில்லை, இருமலும் வரவில்லை. வெள்ளிக்கிழமை புற்றுமண் காலி மூடியின் மேல் ஏறிக்கொண்டிருக்கிறது. ரிலே இப்போது காருக்குள்ளே இருப்பதால் வாசலில் நின்றால் சத்தம் சரியாகக் கேட்பதில்லை. அதனால் பேச்சித்தாய் தினமும் காலையில் கார் ஜன்னல் வரைக்கும் வந்து நிற்கிறாள்.